நரம்பு படிக்கப் போய் ரத்தக்குழாய்க்கு வந்தேன்

என் அம்மா ஊரில் எல்லோரிடமும் என்னை "நரம்பு பத்தி ஆராய்ச்சி பண்றா" என்றுதான் சொல்வார். அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் போதும், யாராவது ஒரு பெரியம்மா காலை நீட்டிக் காட்டி, "இங்க பாருடி, நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்குது, இதுக்கு ஏதாவது மாத்திரை இருக்கா?" என்று ஆரம்பித்துவிடுவார். பள்ளிப் புத்தகம் தமனி, சிரை, தந்துகி என்று அழகாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தாலும் நம் பேச்சில் எல்லாமே நரம்புதான். ஊசி போட வரும் நர்ஸ்கூட "நரம்பு கிடைக்கலையே" என்பார். பத்துப் பதினைந்து வருடம் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் உண்மையிலேயே நரம்பைத்தான், அதாவது மூளையிலிருந்து கிளம்பும் நரம்பைத்தான் படிக்க ஆசைப்பட்டேன். ரத்தக்குழாய்க்கு வந்தது இடம் கிடைத்ததால். மாணவர்கள், "மேடம், இந்த ஃபீல்டை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்கும்போது அவர்கள் எதிர்பார்க்கும் பதில் ஒன்று இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய், காலில் புண் ஆறாமல் ஒரு விரலை எடுத்தார்கள், அதைப் பார்த்து மகள் ரத்தக்குழாய் ஆராய்ச்சியில் இறங்கினாள் என்று சொன்னால் கச்சிதமாக இருக்கும். அப்பாவுக்கு விரல் எடுத்தது உண்மை. ஆனால் அது நடந்தபோது நான் பி.எச்டி. மூன்றாம் வருடம். ஒரு நேர்காணலில் கதையைத் திருப்பிப் போட்டுச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் சபலப்பட்டேன், அப்புறம் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். 2008-இல் எம்.எஸ்சி. முடித்தேன். நெட் தேர்வில் முதல் தடவை எல்.எஸ்., அதாவது கல்லூரியில் பாடம் நடத்தும் தகுதி மட்டும் வந்தது, ஆராய்ச்சி செய்ய மாதாமாதம் பணம் தரும் ஜே.ஆர்.எஃப். ஃபெலோஷிப் வரவில்லை. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டே மறுபடி எழுதி, 2009 டிசம்பர் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினேன். மாதம் 16,000 ரூபாய். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் அவ்வளவு மாதச் சம்பளம் பார்த்ததில்லை. தறி ஓட்டுகிற வீடு. ஃபெலோஷிப் கையில் இருந்தால் எந்த ஆய்வகமும் கூப்பிடும் என்று நினைத்துக்கொண்டு நரம்பியல் ஆய்வகங்களுக்கு முப்பது சொச்சம் மெயில் அனுப்பினேன். எல்லாம் ஒரே மெயில், பெயரை மட்டும் மாற்றி. "தங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில் பணிபுரிய ஆவலாக உள்ளேன்" என்கிற மாதிரி. பதில் வந்தது நான்கு, நான்கிலும் இடம் இல்லை.

இப்போது எனக்கே அந்த மாதிரி மெயில் வாரத்துக்குப் பத்து வருகிறது, இரண்டாவது வரிக்குள் மூடிவிடுகிறேன், குற்ற உணர்ச்சியோடுதான். படித்தே ஆகவேண்டும் என்று தோன்றுவது எது தெரியுமா, எங்கள் கட்டுரை ஒன்றின் மூன்றாம் படத்தைக் குறிப்பிட்டு, "இதில் இந்தக் கோடு ஏன் இப்படி வளைகிறது" என்று கேட்கும் மெயில். கேள்வி தவறாக இருந்தாலும் பரவாயில்லை. படத்தைப் பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தால் போதும். ஆறு வரிக்கு மேல் எழுதாதீர்கள்.

கடைசியில் சென்னையில் மருந்தியல் துறை ஒன்றில், ரத்தக்குழாய் மேல் வேலை செய்யும் ஒரு பேராசிரியரிடம் இடம் இருப்பதாக சீனியர் அக்கா ஒருத்தி சொன்னாள். அம்மாவிடம் போனில் சொன்னேன். "நரம்பு தானே, நீ கேட்டதுதானே கிடைச்சிருக்கு" என்றார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்தக் குழப்பம்.

அந்தத் துறையில் ஒரு அட்டெண்டர் இருந்தார். எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம், பேராசிரியர்கள் உட்பட. முப்பது வருட சர்வீஸ். கம்ப்யூட்டரில் கிராஃப் வராத காலத்தில், பளபளப்புக் காகிதத்தை உருளையில் சுற்றி, மண்ணெண்ணெய்ப் புகையில் கரியேற்றி, அதன் மேல் ஊசிமுனை கோடு கீறியதும் வார்னிஷில் முக்கிக் காயப்போட்டவர். தவளை இதயமும் கோழிக்குடலும் அவர் கையில் போனது போல எந்த டாக்டர் பட்டம் வாங்கியவர் கையிலும் போயிருக்காது. நான் சேர்ந்தபோது உருளைகள் எல்லாம் பரண் மேல் ஏறிவிட்டன. அண்ணே கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவிக்கொண்டிருந்தார்.

என் வேலை சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளின் பெருந்தமனி, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய், சாதாரண எலியின் பெருந்தமனியைப் போலத் தளர்கிறதா என்று பார்ப்பது. எலியின் பெருந்தமனி கிட்டத்தட்ட வேகவைத்த சேமியா அளவுதான் இருக்கும். சுற்றியிருக்கும் கொழுப்பை நுண்கத்தரியால் எடுத்துவிட்டு, 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு வளையங்களாக நறுக்கி, வளையத்துக்குள் இரண்டு கம்பிக் கொக்கி நுழைத்து, ஒன்றைக் கீழே கட்டி, மற்றதை இழுவிசை அளக்கும் கருவியோடு இணைத்து, 37 டிகிரி சூட்டில் கிரெப்ஸ் கரைசல் என்ற உப்புக் கரைசலில் தொங்கவிட வேண்டும். கரைசலுக்குள் 95 சதவீதம் ஆக்சிஜனும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். (கிரெப்ஸ் கரைசலில் கால்சியத்தைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், அதுவும் வாயு ஓட ஆரம்பித்த பிறகு. முன்னாடியே கொட்டினால் அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது, யாரும் சொல்லவில்லை.) வளையம் ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே தொங்கி நிதானத்துக்கு வந்தபின் ஃபினைலெஃப்ரின் போட்டால் சுருங்கும், திரையில் கோடு மேலே ஏறும். அப்புறம் அசிடைல்கோலின் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் தளரும், கோடு படிப்படியாக இறங்கும்.

முதல் வருடம் சாதாரண எலிகளில் சீனியர் ஒருவர் வெட்டித் தொங்கவிட, நான் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தேன். கோடு அழகாக இறங்கியது. அவர் வேலை கிடைத்துப் போய்விட்டார். சர்க்கரை நோய் எலிகள் தயாரானபோது வெட்டியது நான். கோடு இறங்கவே இல்லை. மேலே ஏறிய கோடு மேலேயே, மொட்டைமாடி மாதிரி தட்டையாக நின்றது. சர்க்கரை நோயில் ரத்தக்குழாய் சரியாகத் தளராது என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம், எனவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் கைடுக்கும் ஒரே சந்தோஷம். ஒரு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பினோம், அங்கே மாட்டிக் காட்டும் போஸ்டருக்கு ஏற்றுக்கொண்டார்கள்.

போஸ்டருக்கு இன்னும் இரண்டு சாதாரண எலி சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானே வெட்டினேன். அதுவும் தட்டை.

மருந்து பழசாகிவிட்டதோ என்று புதிதாகக் கரைத்தேன். தட்டை. கரைசலை மாற்றினேன். தட்டை. அடுத்த வாரம், தசையையே நேராகத் தளர்த்தும் நைட்ரோப்ருசைடு போட்டுப் பார்த்தேன், வளையம் முழுதாகத் தளர்ந்தது. அப்படியென்றால் தசை நன்றாகத்தான் இருக்கிறது, தளரச் சொல்லும் ஏதோ ஒன்றுதான் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போதே எனக்குப் பளிச்சென்று விளங்கியிருக்க வேண்டும், விளங்கவில்லை. அண்ணே பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் போல. நான் கொக்கியை வளையத்துக்குள் நுழைக்கும்போது, "உள்ள உரசுதும்மா" என்றார்.

"எங்கண்ணே?"

"நீ இடுக்கிய உள்ள வுட்டுத் தூக்குற. கொக்கிய உள்பக்கமா இழுத்து இழுத்து நேராக்குற. குடல்கூட அப்டித்தான், உள்பக்கம் பட்டுச்சின்னா அப்பறம் அது பேசாது. ஓரத்துல இருக்கிற கொழுப்ப மட்டும் புடி. கொக்கி ஒரே தடவ, நேரா."

அவருக்கு எண்டோதீலியம் என்ற வார்த்தை தெரியாது. எனக்கு அந்த வார்த்தை தெரியும், நெட் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன், ரத்தக்குழாயின் உள்பக்கம் ஒரே ஒரு செல் அடுக்காகப் படிந்திருக்கும் படலம். அசிடைல்கோலின் அந்தப் படலத்தில் போய் ஒட்டியதும் அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து பக்கத்துத் தசைக்கு அனுப்பும், தசை தளரும். படலம் போய்விட்டால் அசிடைல்கோலினுக்கு அங்கே வேலையே இல்லை. ஒரே ஒரு செல் கனமுள்ள ஒன்றை நான் இரும்பு இடுக்கியால் தினமும் வழித்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, எங்கள் போஸ்டரில் நாங்கள் காட்டவிருந்த வித்தியாசம் சாதாரண எலிக்கும் சர்க்கரை நோய் எலிக்கும் உள்ளது இல்லை, சீனியர் கைக்கும் என் கைக்கும் உள்ளது. கைடிடம் போய்ச் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் "சுருக்கத்தைத் திரும்ப வாங்கிடலாம்" என்றார், அவ்வளவுதான். ஏழு மாத வேலை போனது. ஆனால் திட்டவில்லை, யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை, புது எலிகளுக்கு நெறிமுறைக் குழுவிடம் மறுபடி அனுமதி கேட்கும் கடிதத்தில் காரணத்தை மறைக்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு ஆய்வகத்தில் சேரும்முன் தலைப்பைப் பார்க்காதே, அங்கே வேலை சொதப்பியவர்களுக்கு என்ன நடந்தது என்று விசாரி என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான். அதைக் கைடிடம் கேட்டால் தெரியாது. கேன்டீனில் நான்காம் வருட மாணவரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

அப்புறம்தான் ஃபர்ச்காட் கதையை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். நெட் தேர்வில் அது ஒரு மதிப்பெண் கேள்வி. நிஜத்தில் அது என் கதையின் பெரிய பதிப்பு. நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ராபர்ட் ஃபர்ச்காட் 1950-களிலிருந்தே முயலின் பெருந்தமனியைச் சுருள் பட்டையாக வெட்டிச் சோதித்தவர். அந்த முறையை உலகத்துக்கே கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர். அவருடைய பட்டைகளில் அசிடைல்கோலின் போட்டால் சுருங்கும். ஆனால் உயிருள்ள விலங்குக்கு அதே மருந்தைக் கொடுத்தால் ரத்தக்குழாய் விரியும். இந்த முரண் அப்படியே கிடந்தது. 1978-இல் அவருடைய உதவியாளர் சோதனையின் வரிசையை மாற்றிச் செய்துவிட, எதிர்பாராமல் தளர்ச்சி தெரிந்தது. துருவிப் பார்த்தால், பட்டை வெட்டும்போது உள்பக்கம் உரசி எண்டோதீலியம் உதிர்ந்துபோயிருக்கிறது. வளையமாகப் பக்குவமாக வெட்டினால் படலம் தங்குகிறது, தளர்கிறது. படலம் இல்லாத பட்டை ஒன்றை எடுத்து, படலம் உள்ள பட்டையோடு முகத்துக்கு முகம் ஒட்டவைத்து, இதிலிருந்து ஏதோ ஒன்று சுரந்து அதைத் தளர்த்துகிறது என்று நிரூபித்தார். 1980-இல் நேச்சர் இதழில் சவாட்ஸ்கியோடு எழுதிய கட்டுரை அது. அந்த ஏதோ ஒன்றுதான் நைட்ரிக் ஆக்சைடு என்று பிற்பாடு தெளிவானது, 1998-இல் இக்னாரோ, முராட் இருவரோடு சேர்த்து நோபல் பரிசு. இருபத்தைந்து வருடம் அவர் கண்ணெதிரே இருந்தது, அவர் கையே அதைத் துடைத்துக்கொண்டிருந்தது. அவருடையது நோபலில் முடிந்தது, என்னுடையது திரும்ப வாங்கின போஸ்டரில் முடிந்தது, அது வேறு.

எனக்கு இதில் இன்றுவரை உறுத்துவது ஒரு சொல். குழாய். ரத்தக்குழாய் என்று சொல்லிச் சொல்லி, தெருக்குழாய் போல ஒரு வெறும் பைப்பாகத்தான் அது என் மண்டையில் பதிந்திருந்தது. பைப்பின் உள்பக்கத்தை யார் கவனிப்பார்கள்? அம்மா சொல்லும் நரம்பு எவ்வளவோ தேவலை, உணர்ச்சி உள்ள ஒன்று என்றாவது அதில் இருக்கிறது.

அதன் பிறகு வேலை பழக்கம் மாறியது. அண்ணே சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை காலையில் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் போய், ஃபிளாஸ்கில் ஐஸ் போட்ட கரைசலோடு நின்று, ஆட்டுக் குழாய்களை வாங்கி வந்து மணிக்கணக்கில் வெட்டிப் பழகினேன். உயிருள்ள எலியை வீணாக்காமல் கை பழக அதைவிட நல்ல வழி இல்லை. இரண்டு மாதத்தில் கை வந்தது. இனி எந்தச் சோதனைக்கும் முன்னால் அசிடைல்கோலின் போட்டுப் படலம் இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லையென்றால் அந்த வளையத்தைத் தூக்கிப் போடுவது என்று ஒரு வழக்கம் வைத்தோம். நோயுள்ளதையும் நோயில்லாததையும் ஒரே நாளில், ஒரே கையால், எது எது என்று தெரியாமல் வெட்டுவது. என் நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் "வெட்டியது யார், எந்த இடுக்கி" என்று ஒரு கட்டம் புதிதாக முளைத்தது. இடுக்கியின் முனை ஒரு தடவை கீழே விழுந்தால் போதும், பார்வைக்குத் தெரியாத வளைவு விழுந்துவிடும். லென்ஸில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இது பல பேருக்குக் கசக்கும். ஒரு எலியிலிருந்து ஆறு வளையம் எடுத்தால் எண்ணிக்கை ஆறு இல்லை, ஒன்று. எலிதான் கணக்கு. வளையத்தைக் கணக்கில் எடுத்து ஆறு, பன்னிரண்டு என்று காட்டினால் எல்லாமே பிரமாதமாகத் தெரியும், வித்தியாசம் தற்செயல் இல்லை என்று சொல்லும் நட்சத்திரக் குறியெல்லாம் வரும், வைவாவில் ஒரே ஒரு ஆள் கேட்டால் மொத்தமும் சரிந்துவிடும். என்னிடம் கேட்டார்கள். அதற்குள் திருத்திவிட்டிருந்தேன், தப்பித்தேன்.

பணத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. 16,000 என்பது பேப்பரில். கையில் வருவது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவை ஏழு மாதம் வரவில்லை, எட்டாம் மாதம் மொத்தமாக வந்தது. ஹாஸ்டல் மெஸ் பில்லுக்குத் தம்பியிடம் கடன் வாங்கினேன், அவன் அப்போது பாலிடெக்னிக் முடித்து ஒரு கம்பெனியில் என்னைவிடக் குறைவாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தான். அந்த மொத்தத் தொகை வந்த அன்று சினிமாவுக்குப் போகாமல் நான்கு மாதச் செலவை ஒதுக்கிவைத்தது நான் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று. வருடாந்திர முன்னேற்ற அறிக்கையைக் கெடு தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே கையெழுத்து வாங்கி வையுங்கள். பணம் நிற்பதற்குப் பாதிக் காரணம் எங்கேயோ ஒரு மேஜையில் தூங்கும் அந்தத் தாள்தான்.

2016-இல் பி.எச்டி. முடிந்து போஸ்ட்டாக்காக ஜெர்மனி, ஃபிராங்ஃபர்ட் போனேன். எலி இல்லை, மனித செல். தொப்புள்கொடியிலிருந்து எண்டோதீலியல் செல்களைப் பிரித்து வளர்த்து, ரத்தம் ஓடுவது போல அவற்றின் மேல் திரவத்தை ஓடவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது. தாய்மார்களின் ஒப்புதலோடு பிரசவ வார்டிலிருந்து கொடி வரும். பச்சைக் கொடியைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன், கை விரல் தடிமனில், வழுவழுவென்று, முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். குறுக்கே வெட்டினால் மூன்று ஓட்டை தெரியும். சின்னதாக, கெட்டியாக இரண்டு தமனி, பெரியதாக, தொளதொளவென்று ஒரு சிரை. அந்தச் சிரைக்குள் மழுங்கிய ஊசியைச் செருகி நூலால் கட்டி, உள்ளே இருக்கும் ரத்தத்தைக் கழுவி, கொலாஜினேஸ் நொதியை நிரப்பி இரண்டு பக்கமும் இறுக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பில் வைத்து, பிறகு மெதுவாக அலசினால் படலம் பிரிந்து வரும். கூடுதல் நேரம் விட்டால் தசைச் செல்லும் சேர்ந்து வந்து எல்லாம் கெட்டுவிடும். 1973-இல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபியின் குழு இதைச் செய்துகாட்டியபிறகுதான் மனித எண்டோதீலியத்தைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது எல்லோருக்கும் கைகூடியது. எந்த நொடியும் குப்பைக்குப் போகக்கூடிய ஒன்றிலிருந்து.

குப்பை என்று சொன்னதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"தொப்புள்கொடிய வெட்டுறியா? அது புள்ளைக்குத் தாயத்துல வச்சுக் கட்டுறதாச்சேடி!"

"அது புள்ள வயித்துல ஒட்டியிருந்து காஞ்சு விழுறதும்மா. இது நஞ்சோட சேர்ந்து போற பக்கம். தூக்கித்தான் போடுவாங்க."

"தூக்கிப் போடுவாங்களா? பொதைக்க மாட்டாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த நாள் கொடியை வெட்டும்போது கொஞ்சம் மரியாதையாக வெட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தச் செல்களோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கு இரண்டே விஷயம். ஐந்தாறு தடவைக்கு மேல் பிரித்துப் பிரித்து வளர்த்தால் அவை எண்டோதீலியம் மாதிரி நடந்துகொள்வதை நிறுத்திவிடும், பார்க்க நன்றாக இருந்தாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமி இருக்கிறதா என்ற சோதனையை மாதம் ஒரு தடவை செய்யுங்கள், அது கண்ணுக்குத் தெரியாது, கரைசலும் கலங்காது, உங்கள் எண்களை மட்டும் அமைதியாக மாற்றிக்கொண்டிருக்கும். பக்கத்து மேஜைக்காரர் தட்டில் இருந்தால் உங்கள் தட்டிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா இருக்கும் தட்டில் அந்தச் செல்கள் கோயில் பிராகாரத்தில் கல் பாவியது போலக் கன்னாபின்னாவென்று, ஆனால் இடைவெளி இல்லாமல் அடைந்திருக்கும். அவற்றின் மேல் திரவத்தை ஒரே சீராக ஒரு நாள் ஓடவிட்டால் எல்லாம் நீண்டு, ஓட்டத்தின் திசையில் திரும்பி, வாய்க்காலில் சாய்ந்த கோரைப்புல் மாதிரி வரிசையாகப் படுத்திருக்கும். முதல் தடவை நுண்ணோக்கியில் அதைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரே மூடிக் கிடந்தது, கடை எதுவும் இல்லை, மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் தயிரும். யாரையாவது கூப்பிட்டுக் காட்டவேண்டும் போல இருந்தது, கட்டடத்தில் யாரும் இல்லை. போட்டோ எடுத்து தம்பிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன், "என்ன, சேமியாவா?" என்று கேட்டான். ஓட்டம் சுழித்துக் குழம்பும் இடத்தில் செல்கள் அப்படி வரிசைக்கு வருவதில்லை. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் மூலை மாதிரி இடங்களில்தான் கொழுப்பு அதிகம் படிகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வளவு உணர்வுள்ள ஒன்றுக்குக் குழாய் என்று பெயர்.

அங்கே இருந்தபோதுதான் அப்பாவுக்குக் கண்ணில் பிரச்சினை வந்தது. மதுரையில் பார்த்துவிட்டு, விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது, கண்ணுக்குள் ஊசி போடவேண்டும் என்றார்கள். அப்பா போனில் கேட்டது, "பெவாசிசுமாப்னு போட்டிருக்கு, கேன்சர் மருந்துன்னு மெடிக்கல்காரன் சொல்றான், எனக்கு என்ன இருக்குன்னு மறைக்கிறீங்களா?" என் படிப்பு எங்கள் வீட்டுக்குப் பயன்பட்ட முதல் நாள் அது. கட்டி வளரவேண்டும் என்றால் அதற்குப் புது ரத்தக்குழாய் வேண்டும், அதை நிறுத்தினால் கட்டியை நிறுத்தலாம் என்று 1971-இல் ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை மருத்துவர் எழுதினார், பல பேர் அதை நம்பவில்லை. குழாய் முளைக்கத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் 1989-இல் கண்டறியப்பட்டது, அதைத் தடுக்கும் இந்த மருந்துக்கு 2004-இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்காக அனுமதி கிடைத்தது. சர்க்கரை நோயில் விழித்திரையில் அதே புரதம் அளவுக்கு மீறிச் சுரந்து, குழாய்களைக் கசிய வைக்கிறது, வேண்டாத இடத்தில் முளைக்கவும் வைக்கிறது, அதனால் அதே மருந்தைத் துளியூண்டு கண்ணில் போடுகிறார்கள். இவ்வளவையும் அப்பாவிடம் சொல்ல இருபது நிமிடம் ஆனது. "அப்ப கேன்சர் இல்ல" என்றார். இல்லப்பா. "அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?"

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கொடி வருவது நின்றது. உறைய வைத்திருந்த செல்களைக் கணக்குப் பார்த்துச் செலவழித்தோம். ஏப்ரலில் சூரிச் குழு ஒன்று, கோவிட் நோயாளிகளின் எண்டோதீலியத்திலேயே அழற்சி இருப்பதாக லான்செட்டில் எழுதியதும், அதுவரை எங்களை யாரென்றே தெரியாத பக்கத்துத் துறைக்காரர்கள் எல்லாம் எங்கள் கதவைத் தட்டினார்கள். அந்த அவசரத்தில் எல்லோரும் ஓடியது போல நாங்களும் ஓடினோம், உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

ஊருக்குத் திரும்ப நினைப்பவர்கள், வேலை ஒப்பந்தம் முடிய ஒன்றரை வருடம் இருக்கும்போதே விண்ணப்பிக்க ஆரம்பியுங்கள். ராமலிங்கசாமி, இன்ஸ்பயர் மாதிரி அரசு ஃபெலோஷிப் திட்டங்களுக்கு வயது வரம்பு, விண்ணப்பக் காலம் எல்லாம் வேறு வேறு. எனக்கு இரண்டாம் தடவைதான் கிடைத்தது. முதல் தடவை நிராகரித்தவர்கள் எழுதிய குறிப்பில் ஒரு வரி நியாயமானது, "இந்தக் கருவி உங்களுக்கு இந்தியாவில் எங்கே இருக்கிறது?" ஃபிராங்ஃபர்ட்டில் செய்ததையே இங்கே செய்வேன் என்று எழுதியிருந்தேன். இரண்டாம் தடவை, முதல் இரண்டு வருடம் கருவி எதுவும் வராது என்று வைத்துக்கொண்டு எழுதினேன். எழுதியபடியே வரவில்லை.

அந்த இரண்டு வருடம் கோழி முட்டையை வைத்து ஓட்டினேன். கருவுற்ற முட்டையை மூன்று நாள் அடைகாப்புப் பெட்டியில் வைத்து, கொஞ்சம் வெள்ளைக் கருவை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டினால், மஞ்சள் கருவின் மேல் செம்மண் சாலை வரைபடம் மாதிரி ரத்தக்குழாய்களும் நடுவில் துடிக்கும் ஒரு புள்ளியும் தெரியும். அரிஸ்டாட்டில் பார்த்து எழுதிவைத்த அதே புள்ளி. மருந்தை ஒரு துளி வைத்துவிட்டு, குழாய் கிளைக்கிறதா, நிற்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். செலவு மிகக் குறைவு. ஒரே ஒரு விஷயம், மளிகைக் கடை முட்டை ஆகாது. என் முதல் மாணவன் இரண்டு டஜன் வாங்கி வந்து அடைகாத்து, நான்காம் நாள் திறந்து பார்த்துவிட்டு, "மேடம், மருந்து போடாமலே எல்லாத்துலயும் குழாய் நின்னுபோச்சு" என்றான். சேவல் முகமே பார்க்காத கோழியின் முட்டையில் என்ன முளைக்கும்? குஞ்சு பொரிப்பகத்தில் சொல்லி வாங்கவேண்டும்.

இப்போது இழுவிசைக் கருவியும் வந்துவிட்டது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, எலி வளையத்தின் கிராஃபைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். தட்டை. "சர்க்கரை நோய் குரூப் மேடம், நல்லா டிஃபரன்ஸ் தெரியுது" என்றாள். முகத்தில் அவ்வளவு பிரகாசம். கண்ட்ரோலை, அதாவது ஒப்பிட வைத்த சாதாரண எலியை, யார் வெட்டினது என்று கேட்டேன். "போன வருஷ டேட்டா மேடம், அண்ணா வெட்டினது." இடுக்கியைக் கொண்டுவரச் சொல்லி லென்ஸில் காட்டினேன், முனை லேசாக மடங்கியிருந்தது. மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொன்னேன்.

கறிக்கடைக்காரருக்கு என்னைத் தெரியும். இதயத்தோடு சேர்ந்த குழாயை நீளமாக விட்டு வெட்டி, தனிக் கவரில் போட்டுவைத்திருந்தார், காசு வாங்கமாட்டார். அந்தப் பெண் ஃபிளாஸ்கைத் திறந்து பிடிக்க, அவர் அதை உள்ளே போட்டுவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார், "புதுப் புள்ளையாம்மா? உள்ள உரசுதா?"